அம்மாவின் மாத்திரை டப்பா: கூட்டுவதா, கழிப்பதா?

போன வருஷம் ஆடிப்பெருக்கன்று சுவாமிமலைப் படித்துறையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். வாழையிலையை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அருகம்புல்லைச் செருகி, காப்பரிசி, பழம், காதோலை, கருகமணி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள் அம்மா. வரிசை ஓரிடத்திலும் பிசகவில்லை. கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் மாமியார் எந்தப் படியில் உட்கார்ந்து தனக்கு மஞ்சள் சரடு கட்டிவிட்டார் என்று கைநீட்டிக் காட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்து, “ஏண்டி, கருகமணி வாங்கினியா?” என்றாள். இலையில்தான் இருக்கும்மா என்றேன். பத்து நிமிஷத்துக்குள் அதே கேள்வி இன்னும் இரண்டு முறை வந்தது. மூன்றாவது முறை கேட்டபோது கருகமணி அவள் விரலிடுக்கில் இருந்தது.

அடுத்த மாதம் தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் போனோம். முப்பது மதிப்பெண் கேள்விகளில் அம்மாவுக்கு 21. ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டும் பி12-ம் பார்த்தார்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும், அந்தக் குறையே மறதியைத் தரும் என்பதால் இதை யாரும் தவறவிடக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தன. ஆரம்பநிலை அல்சைமராக இருக்கலாம் என்றார் டாக்டர். டோனெபெசில் என்ற மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு, “இன்னிக்கே ஆரம்பிக்கணும்னு இல்ல, வீட்ல பேசிட்டு வாங்க” என்று அனுப்பினார்.

பேசினோம். சென்னையிலிருந்து தம்பி, “ஆரம்பிச்சுடலாம்க்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றான். அவன் மனைவி, முதுகில் ஒட்டும் பேட்ச் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். வயிற்றைக் கெடுக்காதாம். திருபுவனத்துச் சித்தி, “வாய்க்கா ஓரமெல்லாம் வல்லாரை மண்டிக் கிடக்கு. நாலு இலை பறிச்சுத் துவையல் அரைச்சுக் குடுடி, மருந்தும் வேணாம் மாயமும் வேணாம்” என்றாள்.

நான் பார்மசி படித்தவள். எம்.பார்ம் ஆய்வுக்காக எட்டு மாதம் வெள்ளை எலிகளுக்கு மறதியை வரவழைத்து, அப்புறம் அதைப் போக்கப் பார்த்தவள். அன்று ராத்திரி அம்மாவின் மாத்திரை டப்பாவை மேஜையில் கொட்டிப் பார்த்தேன். அதில் மூன்று மாத்திரைகள், நான் அந்த எலிகளுக்கு மறதி வர ஊசியில் ஏற்றிய மருந்தின் நெருங்கிய பங்காளிகள். எல்லோரும் எதைக் கூட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். எதைக் கழிக்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மடையும் வடிகாலும்

நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய சேதியை ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும் பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்பதை முதலில் காட்டியவர் ஆட்டோ லோவி. ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. 1921-ல் அதை வெளியிட்டார், 1936-ல் ஹென்றி டேலோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தச் சோதனை அவருக்குத் தூக்கத்தில் தோன்றியதாம். எழுந்து துண்டுச்சீட்டில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் எழுத்து தனக்கே புரியவில்லை, என்ன நினைத்தோம் என்பதும் மறந்துவிட்டது. மறுநாள் ராத்திரி அதே யோசனை திரும்ப வந்தபோது நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். நினைவு மருந்துகளின் கதை ஒரு மறதியில் தொடங்கியது எனக்கு எப்போதுமே பிடித்த சங்கதி.

நம் ஊர் பாஷையில் சொன்னால் அசிட்டைல்கோலின் தண்ணீர். மடை வழியாக வயலுக்குள் ஏறுகிறது, வேலை முடிந்ததும் வடிகாலில் இறங்கிவிடுகிறது. மூளையில் அந்த மடை, அடுத்த செல் சேதியை வாங்கிக்கொள்ளும் வாசல். வடிகால், அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. கண்சிமிட்டும் நேரத்துக்கு முன்னாலேயே அசிட்டைல்கோலினை உடைத்துப் போட்டுவிடும். நான் எலிகளுக்கு ஏற்றிய ஸ்கோபோலமின் போன்ற மருந்துகள் மடைவாயில் மண்ணைப் போட்டு அடைக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு ஏறாது. டோனெபெசில் போன்றவை வடிகாலை அடைக்கின்றன. வந்த தண்ணீர் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும்.

அல்சைமர் நோயில் சிக்கல் இன்னும் மேலே இருக்கிறது. அசிட்டைல்கோலின் தயாரிக்கும் நொதி நோயாளிகளின் மூளையில் வெகுவாகக் குறைந்திருப்பது 1976-ல் தெரியவந்தது. அதை அனுப்பும் செல்கள் மூளையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக இருக்கின்றன. அவை கொத்துக்கொத்தாகச் செத்துப்போகின்றன என்பதை 1982-ல் காட்டினார்கள். வடிகாலை அடைப்பதால் மேட்டூரில் நீர்மட்டம் ஏறாது. டோனெபெசிலைப் பற்றி யாராவது பெரிதாகப் பேசினால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும்.

எலி எனக்குச் சொன்னது

நான் செய்த சோதனை ரொம்பச் சாதாரணமானது. ஒரு பெட்டி, இரண்டு அறை. ஒன்றில் விளக்கு, இன்னொன்று இருட்டு. எலிக்கு இருட்டுதான் பிடிக்கும். வெளிச்சத்தில் விட்டால் சில நொடியில் இருட்டுக்குள் புகுந்துவிடும். புகுந்ததும் கதவை இறக்கி, காலடிக் கம்பிகளில் லேசாக மின்சாரம் கொடுப்போம். மறுநாள் அதே எலியை அதே வெளிச்ச அறையில் விட்டு ஸ்டாப் வாட்சைத் தட்டுவேன். நேற்றைய அடியை நினைவு வைத்திருக்கும் எலி வாசலுக்குப் போகும், மூக்கை நீட்டும், முன்னங்காலைத் தூக்கும், பின்வாங்கும். 300 நொடி வரை உள்ளே போகாமல் உட்கார்ந்திருக்கிற எலிகள் உண்டு. முதல் நாள் பயிற்சிக்கு அரை மணி முன்னால் கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஸ்கோபோலமின் ஏற்றிய எலி, மறுநாள் நேற்று ஒன்றுமே நடக்காததுபோல இருட்டுக்குள் ஓடும்.

இதில் இரண்டு விஷயம் அம்மாவைப் புரிந்துகொள்ள உதவியது.

முதலாவது, மருந்து எப்போது ஏறுகிறது என்பது. பயிற்சிக்கு முன்னால் கொடுத்தால் மறதி பலமாக வரும். எலி பாடம் படித்து முடித்த பிறகு கொடுத்தால் அந்த அளவுக்கு வருவதில்லை, சில சமயம் வருவதே இல்லை. அசிட்டைல்கோலின் முக்கியமாக வேண்டியிருப்பது புதியதை உள்ளே வாங்கி எழுதுவதற்கு. மனிதரிலும் அப்படித்தான். டேவிட் டிராக்மேன் 1974-ல் இளைஞர்களுக்கு ஸ்கோபோலமின் கொடுத்துப் பார்த்தார். கேட்ட எண்களை உடனே திருப்பிச் சொல்ல முடிந்தது. புதிய பட்டியல் மனதில் நிற்கவில்லை. மருந்தே சாப்பிடாத முதியவர்களின் தடுமாற்றமும் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருந்தது. மாமியார் சரடு கட்டிய படி மறக்காமல், கையிலிருக்கும் கருகமணி மறந்துபோவதும் இந்த வகைதான்.

இரண்டாவது ஒரு பொறி. ஸ்கோபோலமின் ஏறிய எலி சும்மா இருக்காது. பெட்டி முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டு அலையும். அது மறந்துபோய் இருட்டுக்குள் போகிறதா, நிலைகொள்ளாமல் போகிறதா? கவனிக்கவே இல்லையா? இதற்காகத்தான் மெத்தில்ஸ்கோபோலமின் என்ற தம்பி மருந்தையும் இன்னொரு கூட்டத்துக்குக் கொடுப்பார்கள். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. உடம்பில் மட்டும் வேலை செய்யும், நினைவைக் கெடுக்காது. ஆகவே கோளாறு மூளையில்தான் என்பது உறுதியாகும். ஆனால் அது நினைவா, கவனமா என்ற சண்டை தீரவில்லை. 1990-களில் அசிட்டைல்கோலின் செல்களை மட்டும் தேடிக் கொல்லும் ஒரு நஞ்சை எலி மூளையில் செலுத்தினார்கள். எலிகள் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடிப் பிடிக்கும் சோதனையில் அவை பெரிதாகத் தடுமாறவில்லை. கவனம் தேவைப்படும் வேலைகளில்தான் சறுக்கின. என் எண்ணமும் அதுதான்: இந்த மருந்துகள் நினைவைத் திருப்பித் தருவதைவிட, கவனத்தைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துகின்றன.

ஸ்கோபோலமின் நமக்கு அந்நியப் பொருள் இல்லை. சிவனுக்குச் சாத்தும் ஊமத்தையில் அதுவும் அட்ரோபினும் இருக்கின்றன. ஊமத்தங்காய் விதையைத் தின்றுவிட்டவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, இல்லாததைக் கையால் பிடித்துக்கொண்டு பிதற்றுவார். தெளிந்தபின் நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது.

அதிகமானால் என்ன?

தம்பியின் வாதம் நேரானது. குறைந்தால் மறதி, அப்படியானால் கூட்டினால் நினைவு. விலங்குகள் அப்படிச் சொல்லவில்லை.

1966-ல் ஜே. ஏ. டாய்ச்சும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளுக்கு ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, பின்னொரு நாள் மூளையில் டிஎஃப்பி என்ற பொருளைச் செலுத்தினார்கள். அது வடிகாலை மொத்தமாக அடைத்துவிடும். கற்று 14 நாள் ஆன எலிகளுக்கு, அதாவது பாடம் நன்றாக நினைவிருக்கும் நேரத்தில், செலுத்தினால் அவை மறந்துபோயின. 28 நாள் கழித்து, மருந்து ஏறாத எலிகள் தாமாகவே மறந்துவிட்ட நேரத்தில், செலுத்தினால் அவற்றுக்கு நினைவு வந்தது. மருந்தும் ஒன்று, பாடமும் ஒன்று. ஏற்கெனவே தண்ணீர் நிறைந்து நின்ற வயலை அது மூழ்கடித்தது, காய்ந்த வயலுக்கு ஈரம் காட்டியது.

டிஎஃப்பி எந்தக் குடும்பம் தெரியுமா? நம் சம்பா வயலில் அடிக்கிற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகளின் குடும்பம். டெல்டாவில் ‘மருந்து’ என்ற ஒரே சொல்லை மாத்திரைக்கும் சொல்வோம், தெளிப்பானில் ஊற்றுவதற்கும் சொல்வோம். மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்தவருக்கு எச்சில் ஒழுகும், கண்பாவை ஊசிமுனையாகும், பேதியாகும், மூச்சு திணறும். வடிகால் அடைபட்டு அசிட்டைல்கோலின் உடம்பெங்கும் தேங்கியதன் அறிகுறிகள் இவை. அப்போது ஆஸ்பத்திரியில் ஏற்றுவது அட்ரோபின், ஊமத்தையின் பொருள். டோனெபெசில் அடைப்பதும் அதே நொதியைத்தான். அளவாக, திரும்ப விடுபடக்கூடிய விதத்தில் அடைக்கிறது என்பது பெரிய வித்தியாசம். ஆனாலும் அளவு கூடிப்போன என் எலிகள் எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டு மூலையில் கிடந்ததை மறக்க முடியவில்லை. அன்று அவை எந்தப் பாடத்தையும் கற்கவில்லை.

வயதான குரங்குகளுக்கு பைசோஸ்டிக்மின் கொடுத்துப் பார்த்தவர் ரேமண்ட் பார்ட்டஸ். அதுவும் வடிகாலை அடைக்கும் மருந்துதான். சில குரங்குகளுக்கு நினைவு தேறியது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பலன் தந்த அளவு வேறு வேறு. அதற்குக் கீழே பலனில்லை, மேலே போனால் கெடுத்தது. டாக்டர்கள் குறைந்த அளவில் ஆரம்பித்து வாரக்கணக்கில் காத்திருந்து ஏற்றுவதற்குப் பின்னால் இந்தப் பாடம் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கழிப்பது

அம்மா சாப்பிட்ட மூன்றும் மூன்று வாசல் வழியாக வந்தவை. சர்க்கரையால் கால் எரிச்சல் என்று ஒருவர் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் எழுதினார். சிறுநீர் அவசரமாக வருகிறது என்று இன்னொரு இடத்தில் ஆக்ஸிபியூட்டினின். மூக்கொழுகினால் தெருமுனை மெடிக்கலில் சிபிஎம் (குளோர்பெனிரமின்) மாத்திரை, சீட்டே இல்லாமல். ஒரு சீட்டை எழுதியவர் மற்றதைப் பார்க்கவில்லை. மூன்றும் மடையை அடைப்பவை. கால் எரிச்சலுக்கு எழுதிய மருத்துவமனையில் மறுபரிசீலனை என்ற ஒன்றே இல்லாமல் நான்கு வருஷம் அதே சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கூடப் போய், வாங்கிக்கொண்டு திரும்பியவள் நான். பார்மசி படித்தவள்! யாரைக் குறை சொல்ல?

இளம் மூளை தாங்கும் அடைப்பைக் கிழட்டு மூளை தாங்காது. பீகிள் நாய்களில் பார்த்திருக்கிறார்கள். ஸ்கோபோலமினால் இளம் நாயைவிட முதிய நாய்தான் அதிகம் தடுமாறியது. மனிதருக்குப் பல வருஷம் கொடுத்து நேரடிச் சோதனை செய்ய முடியாது, கணக்கெடுக்கத்தான் முடியும். 2015-ல் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 3,434 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. இந்த வகை மருந்துகளை மிக அதிகமாக, பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு முதுமை மறதி நோய் வரும் வாய்ப்பு, சாப்பிடாதவர்களைவிட 54 சதவீதம் கூடுதலாக இருந்தது. மருந்துதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் மறதி வந்துவிட்ட ஒருவருக்கு இதைத் தொடர்ந்து கொடுக்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

இந்த வழிக்குச் செலவில்லை. ஆனால் சும்மா நிறுத்திவிட முடியாது. அமிட்ரிப்டிலினைத் திடீரென்று விட்டால் தூக்கம் போகும், குமட்டும். கால் எரிச்சல் திரும்பி வரும். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைத்து, மாற்று தேட வேண்டும். சிறுநீர் அவசரத்துக்கு மிராபெக்ரான் என்ற மருந்து இருக்கிறது, அது அசிட்டைல்கோலின் பக்கமே போவதில்லை. பிபியைக் கொஞ்சம் ஏற்றலாம் என்பதால் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கொழுகலுக்கு பெக்ஸோபெனடின் போதும், அது மூளைக்குள் அதிகம் போகாது.

டோனெபெசில்

ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, நாலு முதல் ஆறு வாரம் கழித்துத் தேவைப்பட்டால் 10. உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 70 மணி நேரம் ஆகும். ஒருநாள் விட்டுப்போனாலும் குடி முழுகாது. மறதிக்காரருக்கு மறதி மருந்து கொடுக்கும் வீட்டில் இது சின்ன வசதி இல்லை. விலையும் கட்டும்.

பலன்? ஆய்வுகளில் வைக்கும் எழுபது மதிப்பெண் நினைவுத் தேர்வில் சராசரியாக இரண்டரை முதல் மூன்று மதிப்பெண் வித்தியாசம். அம்மா எழுதிய முப்பது மதிப்பெண் தேர்வில் ஒன்று, ஒன்றரை. சிலருக்கு நன்றாகத் தெரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. நோய் நிற்பதில்லை. “அம்மா பழையபடி ஆயிடுவாங்களா?” என்று தம்பி கேட்டதற்கு இல்லை என்றேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

தொல்லைகள்: குமட்டல், பேதி, பசியின்மை, ராத்திரி பயங்கரமான கனவு. கனவுக்குக் காலையில் கொடுத்தால் போதும். கவலைப்பட வேண்டியது நாடித்துடிப்பு. லோவியின் தவளை இதயத்தை மெதுவாக்கிய அதே பொருளைத்தான் கூட்டுகிறோம். அம்மா பிபிக்கு மெட்டோபிரோலால் சாப்பிடுகிறாள், அதுவும் இதயத்தை மெதுவாக்கும். அன்று நாடி 56. இரண்டும் சேர்ந்தால் கொல்லைப்படியில் மயங்கி விழுவாள்.

ரிவாஸ்டிக்மின் பேட்ச்

ரிவாஸ்டிக்மினும் வடிகாலை அடைப்பதுதான். அதன் காப்ஸ்யூல் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வயிற்றைப் புரட்டும். அதனால்தான் பேட்ச் வந்தது. தோல் வழியாகச் சீராக இறங்குவதால் குமட்டல் குறைவு. அந்த விஷயத்தில் தம்பி மனைவி சொன்னது சரி. நாடித்துடிப்புச் சிக்கல் மட்டும் இதிலும் அப்படியே உண்டு.

விலை மாத்திரையைவிடப் பல மடங்கு. தினம் பழையதை உரித்துவிட்டு, வேறு இடத்தில் புதியதை ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்துக்கு 14 நாள் திரும்ப வரக் கூடாது. பழையதை எடுக்க மறந்து இன்னொன்றை ஒட்டினால் அளவு இரட்டிப்பாகும், அது ஆபத்து. அம்மா கூட இருப்பது நானும் வேலைக்கு வரும் பெண்ணும்தான். யார் எப்போது ஒட்டினோம் என்பதில் எங்கள் இருவருக்குமே ஞாபகசக்தி தேவைப்படும். சித்திரை வெயிலில் வியர்வையில் ஒட்டுமா என்ற சந்தேகம் வேறு. டோனெபெசில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பார்க்கலாம் என்று இரண்டாவது இடத்தில் வைத்தேன்.

இதே வகையில் கேலன்டமைன் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டால் வரவழைத்துத்தான் கொடுக்கிறார்கள். அடிக்கடி தீர்ந்துபோகும் மருந்தை அம்மாவுக்குத் தொடங்க மனமில்லை.

சித்தியின் கட்சி

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். வடக்கே பிரமி என்ற பெயரை இரண்டு செடிகளுக்குச் சொல்கிறார்கள். நம் வல்லாரையையும் சொல்கிறார்கள், வயலோர ஈரத்தில் படரும் நீர்ப்பிரமியையும் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். டப்பாவில் அடைத்து விற்கும் பொடியில் எது இருக்கிறது என்று பார்த்து வாங்குபவர்கள் குறைவு.

இரண்டிலும் எலி ஆய்வுகள் ஏராளம். பெரும்பாலானவை என் சோதனையைப் போன்றவைதான்: ஸ்கோபோலமினால் மறதியை வரவழைத்து, சாற்றைக் கொடுத்து, மறதி குறைந்ததா என்று பார்ப்பது. இந்த மாதிரிச் சோதனைகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த எலிக்கு இருப்பது ஒரு மடை அடைப்பு மட்டும்தான். அதன் செல்கள் சாகவில்லை. அடைப்பைச் சற்று நெகிழ்த்தும் எதைக் கொடுத்தாலும் அது தேறிவிடும். அதை வைத்து அல்சைமருக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று எழுதுவது அநியாயம். மனிதரில், நோயில்லாதவர்களுக்கு நீர்ப்பிரமியை 12 வாரம் கொடுத்த சில சிறு ஆய்வுகளில் நினைவுகூர்வது கொஞ்சம் தேறியது. வயிற்றுப்போக்கும் வந்தது.

சித்தியோடு சண்டை போடவில்லை. வல்லாரையை நெய்யில் வதக்கி, உளுந்தும் மிளகும் புளியும் வைத்து அரைத்தால் அம்மா இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவாள். மருந்தாக இல்லை, சோற்றுக்கு.

சித்தியின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கும்பகோணம் கொழுந்து வெற்றிலைக்குள் மடித்துப் போடும் பாக்கில் அரிக்கோலின் இருக்கிறது. அது அசிட்டைல்கோலினைப் போல நடித்து மடையைத் திறக்கும் பொருள். 1978-ல் மனிதருக்கு ஊசியில் கொடுத்தபோது பட்டியலை மனப்பாடம் செய்வது சற்றுத் தேறியது. இதைச் சொன்னதும் சித்திக்கு ஒரே சந்தோஷம். பாக்கு வாய்ப்புற்றைத் தரும் என்று சேர்த்துச் சொன்னபோது, “உனக்கு எதுவும் நல்லதாவே தெரியாதே” என்றாள். அரிக்கோலின் உடம்பில் சில நிமிஷம்தான் நிற்கும். மருந்தாக அது நிலைக்கவில்லை.

எதை முதலில் செய்வது?

கழித்தலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யலாமே என்றான் தம்பி. செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதைவிட மோசம், கழிக்காமலே கூட்டுவது. மடையை அடைத்துவிட்டு வடிகாலையும் அடைக்கிற கதை அது. இது கற்பனை இல்லை. டோனெபெசில் சிலருக்குச் சிறுநீர் அவசரத்தைத் தரும். அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார்கள். அது டோனெபெசில் செய்யும் வேலையைக் கெடுக்கும். மறதி கூடிவிட்டது என்று டோனெபெசிலை 10-க்கு ஏற்றுவார்கள். இப்படி ஒரு மருந்தின் தொல்லைக்கு இன்னொரு மருந்து என்று சீட்டு நீண்டுகொண்டே போவதை ஆய்வுகளிலும் எழுதியிருக்கிறார்கள், நான் மெடிக்கலில் நின்றபோதும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் கழித்தோம். சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு நரம்பு டாக்டரிடம் கொண்டுபோனேன். அமிட்ரிப்டிலினை ஒரு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து, கால் எரிச்சலுக்கு டுலோக்செட்டின் எழுதினார். ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தினார். மாற்று உடனே வேண்டாம், இரண்டு மணிக்கு ஒருமுறை நீங்களே பாத்ரூமுக்குக் கூட்டிப்போங்கள் என்றார். சிபிஎம் மாத்திரையைத் தெருமுனைக் கடைக்காரரிடமே சொல்லி நிறுத்தினேன். மெட்டோபிரோலாலை அம்லோடிபின் என்ற வேறு பிபி மாத்திரைக்கு மாற்றி, ஈசிஜி எடுத்தார்கள்.

முதல் வாரம் கஷ்டம். ராத்திரி இரண்டு மணிக்குக் கால் எரிகிறது என்று எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வாள். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாய் வறண்டுபோய் ஒரு வருஷமாக முறுக்கைத் தொடாதவள். மலச்சிக்கலும் தேவலாம். ஆறு வாரம் கழித்து அதே தேர்வில் 23. இரண்டு மதிப்பெண் என்பது நல்ல தூக்கத்தாலும் வரும், டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் மத்தியானத்தில் தூங்கி வழிவது நின்றுவிட்டது. அது என் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம்.

நாடி 68-க்கு வந்த பிறகு, தைப் பொங்கலுக்கு அடுத்த வாரம் டோனெபெசில் 5 மில்லிகிராம் காலையில் ஆரம்பித்தோம். நான்கு நாள் குமட்டியது, சாப்பிட்ட பிறகு கொடுத்ததும் அடங்கியது. 10-க்கு ஏற்றுவதைப் பற்றி டாக்டர் இப்போதைக்குப் பேசவில்லை. மூன்று மாதத்தில் பார்ப்போம், ஒன்றும் தெரியாவிட்டால் நிறுத்துவதையும் யோசிப்போம் என்றார். தம்பிக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் போக வேண்டும். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார்கள். முதல் முறை எண்கள் எல்லாவற்றையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதி, முள் வைக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது முறை பன்னிரண்டும் சுற்றிலும் வந்தன, ஒரே ஒரு முள்ளோடு. அந்த இரண்டு தாளையும் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.